உனக்குத் தடுக்கத் தெரியாது என்று நான் சொன்னது

பிரனீலுக்கு,

லாமியிலிருந்து அப்பா எழுதுகிறேன். தமிழில் எழுதுவதால் இதை உன்னால் படிக்க முடியாது என்று தெரியும். நீ கட்டிக்கொள்ளப்போகும் மலர்விழி படித்துச் சொல்லட்டும். நாம் வீட்டில் தமிழோடு கலந்து பேசும் ஃபிஜி ஹிந்தியில் எழுதினால் நடுவில் ஏதாவது வேடிக்கை பேசி நான் தப்பித்துவிடுவேன். இங்கிலீஷில் எழுதினால் ஆபீசுக்குப் போடுகிற மனு மாதிரி ஆகிவிடும். தமிழ், ரராவாய்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வயதில் நான் அடி வாங்கிக் கற்றது. அதில் பொய் சொல்ல எனக்கு இன்னும் பழகவில்லை. அம்மா மலர்விழி, திருநெல்வேலியிலிருந்து ஆக்லாந்துக்கு நர்ஸ் வேலைக்கு வந்த நீ இந்த வீட்டுக்காக முதலில் செய்யப்போகும் காரியம் இப்படியா இருக்க வேண்டும் என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது. சங்கடமான இடங்கள் வரும். எதையும் விட்டுவிடாமல் படி.

பிரனீல், போன வாரம் நீ தொலைபேசியில் கல்யாண ஏற்பாடுகளையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாய். விருந்தில் இரண்டு பேர் எழுந்து பேச வேண்டும், மலர் வீட்டுப் பக்கம் அவள் மாமா பேசுவார், நம் பக்கம் சியோனே பேசட்டும், உங்களுக்கு வருத்தம் இல்லையே என்றாய். நான் “சரி, சரி” என்று சொல்லி ஃபோனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன். சியோனே யார்? ஆக்லாந்தில் பஸ் ஓட்டுகிற, ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக் கொடுக்கிற ஒரு சாமோவாக்காரர். என் மகனின் கல்யாணத்தில் என் இடத்தில் நின்று பேச அவர் யார்? அன்று முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பட்டறையில் வெல்டிங் வேலையில் கை வைக்க முடியவில்லை. நீ ஒரு தடவை அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதில் பந்தோடு வரும் ஒருவனை நீ மடக்கி ஓரக்கோட்டுக்கே தள்ளிக்கொண்டு போகிறாய். முட்டியை மடக்கும் விதத்தில், கையை விரிக்கும் விதத்தில், என் ஆட்டத்தின் சாயல் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். கொஞ்சம்கூட இல்லை. அத்தனையும் சியோனே. எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயிற்றெரிச்சல் எனக்குப் புதிதல்ல. அதனால் நீ என்ன இழந்தாய் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஆடிய காலத்தில் எனக்கு ஒரே ஒரு வேலைதான். எதிர் அணியில் யார் நன்றாகக் கூடை போடுகிறானோ அவனைப் போட விடாமல் செய்வது. எங்கள் அணிக்குக் கூடை போட டேனியல் இருந்தான். டேனியல் கையிலிருந்து பந்து கிளம்பினாலே கூட்டம் எழுந்து நிற்கும். நான் ஆட்டம் முழுக்க ஒருவன் மூச்சுக்காற்று என் முகத்தில் படும் தூரத்தில் ஓடி, அவன் பந்தைத் தொடவே விடாமல் செய்திருப்பேன். நடக்காமல் போன ஒன்றுக்கு யார் கை தட்டுவார்கள்? ஆட்டம் முடிந்ததும் டேனியலைத் தோளில் தூக்குவார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவேன். உன் அம்மா முதல் தடவை தன் சித்தி மகளோடு ஆட்டம் பார்க்க வந்தபோது என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “நல்லா போடறாரே, அவரு யாரு?” சிரித்துக்கொண்டே பேரைச் சொன்னேன். அந்தச் சிரிப்பை முகத்தில் நிறுத்தி வைக்க நான் பட்ட பாடு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அப்புறம் முதல் கூ, அதாவது ஆட்சிக் கவிழ்ப்பு, வந்தது. ராணுவம் அரசாங்கத்தைப் பிடித்துக்கொண்டதும் நம் இந்திய வம்ச ஜனங்கள் வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு கிளம்பினார்கள், விற்க முடியாதவர்கள் பூட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் ஐவரில் மூன்று பேர் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். டேனியல் வான்கூவருக்குப் போனான். அங்கே ஒரு கிளப்பில் ஆடுகிறேன் என்று ஃபோட்டோ அனுப்பினான். பனிக்குல்லா போட்டுக்கொண்டு பந்தை ஒரு கையில் பிடித்திருந்தான். எனக்கு யாரும் ஸ்பான்சர் செய்யவில்லை. அணி கலைந்தது. நான் லாமிக்கு வந்து படகுப் பட்டறையில் சேர்ந்தேன். போனவர்களைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டே இருந்தவன் நான் என்பதை உன் அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

பல வருஷம் கழித்து மறுபடியும் கூ வந்தபோது உனக்குப் பத்து வயது. தலைநகர் சுவாவில் கடைகள் எரிந்தன. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். உன்னைக் கேட்டைத் தாண்டி அனுப்ப எங்களுக்குப் பயம். வீட்டுக்குள் அடைந்து கிடந்து நீ அழுததைப் பார்த்து, பட்டறையில் கிடந்த ஒரு டிரம்மின் இரும்பு வளையத்தைக் கொண்டுவந்து கொல்லைச் சுவரில் அடித்துக் கொடுத்தேன். அந்த மாதங்கள் முழுக்க நீ அந்த வளையத்தில் பந்து போட்டாய். விடியலில் போட்டாய், மழையில் போட்டாய், அம்மா சாப்பிடக் கூப்பிடக் கூப்பிடப் போட்டாய். உன் கைக்கு அந்த அழகு வந்தது அங்கேதான். ஆனால் உன் எதிரில் ஆளே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் இருந்தார்கள். பந்தை வைத்துக்கொண்டு எதிரில் வருபவன் என்ன செய்வான் என்று பார்க்கவே வாய்ப்பில்லாமல் நீ ஆட்டத்தைக் கற்றாய். நான் எதிரில் நின்றிருக்கலாம். வேலைக்குப் போய்வந்த அலுப்பு என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அப்போது அது உண்மையாகவும் இருந்தது.

உன் பதினைந்தாவது வயதிலிருந்து அது உண்மையாக இல்லை. அதற்குள் சுவா பிள்ளைகளில் உன்னைப் போலக் கூடை போட ஆளில்லை என்று ஆகிவிட்டது. பந்தை நடத்திக்கொண்டு போகும் கார்டு இடத்தில் ஆடுகிற, ஒல்லியான, ஐந்தரை அடிப் பையன் நெடுநெடுவென்று வளர்ந்த இத்தவுக்கே பூர்வகுடிப் பையன்களுக்கு நடுவில் புகுந்து போய்ப் போடுவதைப் பார்க்க நகாசியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். உன் அம்மா ஒவ்வொரு கூடைக்கும் எழுந்து நின்று கத்தினாள். நான் ஆடிய காலத்தில் அவள் அப்படிக் கத்தியதில்லை. வெளியில் நான் பெருமைப்பட்டேன். உள்ளே வேறு ஒருவன் உட்கார்ந்து கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தான். “போடறான், ஆனா தடுக்க வரல. அவன் ஆளு அவனை விட்டுட்டுத் தாண்டிப் போறான் பாரு” என்று பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். உன் கோவிந்த் மாமா ஒருநாள் எரிச்சலாகி, “அரே, முப்பது போடறான், இருபது விடறான், அப்பவும் பத்து மேலதானே? இதுல உனக்கு இன்னா கஷ்டம்?” என்றார். “அந்த இருபதும் கடைசியில வந்து கழுத்தப் பிடிக்கும்” என்றேன். நான் சொன்னது சரிதான். அது சரியாக இருந்ததுதான் எனக்குப் பெரிய வசதியாகப் போயிற்று.

அந்த அரையிறுதி ஆட்டம் உனக்கு மறந்திருக்காது. நௌசோரி அணியின் கோச் புத்திசாலி. முதல் பாதியில் நீ போட்டதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இரண்டாம் பாதியில் ஒன்று செய்தார். நீ யாரைக் காவல் காக்கிறாயோ அவனிடமே ஒவ்வொரு தடவையும் பந்தைக் கொடுக்கச் சொன்னார். அவன் சாதாரண ஆட்டக்காரன். வலது பக்கம் ஒரு அடி வைப்பதுபோல் காட்டி இடது பக்கம் போவான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். நீ ஒவ்வொரு தடவையும் ஏமாந்தாய். அவன் முகத்தையும் பந்தையுமே நீ பார்த்தாய். இடுப்பைப் பார்த்திருந்தால் போதும், இடுப்பு ஏமாற்றாது. பத்து தடவை உன்னைத் தாண்டிப் போய்ப் போட்டான். ஜனங்கள் சிரித்தார்கள். உன் அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்று இப்போது சொல்கிறேன், மலர்விழி நிறுத்தாமல் படிக்க வேண்டும். எனக்கு உள்ளே குளிர்ந்தது, பிரனீல். என் மகன் தோற்கத் தோற்க, இத்தனை வருஷம் கழித்து என் வேலையின் மதிப்பு இந்த ஜனங்களுக்குப் புரிகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து நீ சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்று, “அப்பா, டிஃபென்ஸ் ஹம்மே சிக்காவோ” என்றாய். சொல்லிக் கொடு என்பதைக்கூட உனக்குப் பாதி ஹிந்தியில்தான் சொல்ல வரும். “நீங்க யாரையும் போட விடமாட்டீங்களாமே, கோவிந்த் மாமா சொன்னாரு. எனக்கும் சிக்காவோ.” நான் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே உன்னைப் பார்க்காமல், “அது சொல்லிக் குடுத்து வர்றது இல்ல. உள்ளயே இருக்கணும். உனக்குப் போடறது இருக்குது, அதப் பாத்துக்கோ” என்றேன். நீ நம்பினாய். அடுத்த இரண்டு வருஷத்தில் இன்னும் மூன்று நான்கு தடவை கேட்டாய். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன். எனக்கும் ஒருவர் சொல்லிக் கொடுத்துத்தான் வந்தது. ஒரே ஒரு வெயில் காலத்தில் வந்துவிட்டது. அதை உன்னிடம் மறைத்தேன். கூடை போடுவது உன்னிடம் இருந்தது, ஊர் உன்னிடம் இருந்தது, உன் அம்மாவின் குரலும் உன்னிடம் போய்விட்டது. தடுப்பது ஒன்றுதான் என்னிடம் மட்டும் இருந்தது. அதையும் உன்னிடம் கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன இருக்கும் என்று பயந்தேன். நாற்பது தாண்டிய மனுஷன், பதினைந்து வயதுப் பிள்ளையிடம்.

அதற்கப்புறம் நியூசிலாந்திலிருந்து ஆள் எடுக்க அந்தப் பெண்மணி வந்தார். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு, கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் உங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். அவருடைய பள்ளியில் ஒரே ஒரு இடம், ஃபிஜியிலிருந்து ஒரே ஒரு பையன், படிப்பும் ஆட்டமும் அங்கேயே. கடைசி நாள் மத்தியானம், வெளியே மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தபோது, அவர் பார்வையாளர் படிகளில் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நீங்கள்தானே அவன் அப்பா என்றார். பேசியது இங்கிலீஷில், அர்த்தத்தைத் தமிழில் தருகிறேன். “இவனைப் போல இயல்பாகக் கூடை போடும் பையனை நான் அதிகம் பார்த்ததில்லை. தடுப்பாட்டம் ரொம்ப மோசம். ஆனால் அதற்காக நான் கவலைப்படவில்லை. கால் வேகம் இருக்கிறது, வயதும் சின்னது. போடுகிற கை பிறவியில் வர வேண்டும், தடுப்பதைக் கற்றுக் கொடுத்துவிடலாம். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வானா? கேட்கிற பையனா?”

பிரனீல், அதற்கு என்னிடம் இருந்த உண்மையான பதில் இதுதான்: இரண்டு வருஷமாக என் பின்னாலேயே வந்து சொல்லிக் கொடு, சொல்லிக் கொடு என்று கேட்கிற பையன். நான் சொன்ன பதில் வேறு. “கேட்க மாட்டான். இரண்டு வருஷம் நானே முயற்சி செய்துவிட்டேன். கூடை போடுவதைத் தவிர எதுவும் அவன் காதில் ஏறாது.” என் குரல் நடுங்கக்கூட இல்லை. அவர் நோட்டில் ஏதோ எழுதி மூடினார். எழுந்திருக்கும்போது என் தோளைத் தொட்டு, “அப்பாக்கள் எல்லாரும் என்னிடம் பிள்ளையை உயர்த்தித்தான் பொய் சொல்வார்கள். நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள், நன்றி” என்றார். மறுவாரம் நௌசோரிப் பையன் ஒருவனுக்கு அந்த இடம் போயிற்று. நீ என்னிடம் வந்து, “டிஃபென்ஸ் இல்லன்னுதான் விட்டுட்டாங்க, இல்லப்பா?” என்று கேட்டாய். “ஆமா, அதான் நான் அப்பவே சொன்னேனே” என்றேன்.

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று என் மனதுக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அடுத்த வருஷம் என்று ஒன்று வரவில்லை. சில மாதங்களில் இன்னொரு கூ வந்தது. அந்தப் பெண்மணியின் நாடு நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்கு விசா கொடுப்பதை நிறுத்தியது. உனக்குப் பதினேழு வயது. பந்தைப் பரண்மேல் போட்டுவிட்டு நகாசியில் ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் சேர்ந்தாய். ஆறு வருஷம் பிறத்தியார் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து மூடி, அந்தத் தொழில் சான்றிதழை வைத்து விசா வாங்கிக்கொண்டு கிளம்பினாய். எந்த நாட்டுக்கு ஆட்டக்காரனாகப் போயிருக்க வேண்டுமோ அதே நாட்டுக்கு மெக்கானிக்காகப் போனாய். நாந்தியில் விமானநிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தபோது சொல்லிவிட நினைத்தேன். கோவிந்த் மாமா பக்கத்தில் நின்றார், உன் அம்மா அழுதாள், அழைப்பு வந்துவிட்டது. சாக்குக்கு என்ன குறைச்சல்.

ஆக்லாந்து போன இரண்டாம் வருஷம் நீ ஃபோனில் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்கு ஒரு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. “அப்பா, இங்க ஒரு பஸ் டிரைவர் எனக்கு டிஃபென்ஸ் சொல்லிக் குடுத்துட்டாரு. நாலே மாசம். நீங்க வராதுன்னு சொன்னீங்களே, வந்துடுச்சு!” குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. பரீட்சையில் பாஸ் செய்ததைச் சொல்கிற குரல். வேலை முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல், யாரோ ஒருவர் பெற்ற பிள்ளைக்கு எதிரில் நான்கு மாதம் நின்றிருக்கிறார் அந்த மனிதர். நான் நின்றிருக்க வேண்டிய இடம் அது. இருபத்தைந்து வயதில் வந்த ஆட்டத்தை வைத்து ஞாயிற்றுக்கிழமைக் கிளப்பில் ஆடலாம். பதினேழில் வந்திருந்தால் எங்கே போயிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. இனி யாராலும் தெரிந்துகொள்ள முடியாதபடி செய்துவிட்டேன்.

நன்றாகக் கூடை போடும் சின்னப் பையனுக்குத் தடுக்கத் தெரியாவிட்டால் அது பெரிய குறையா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். குறைதான். தோற்கடிக்கும், அரையிறுதியில் தோற்கடித்ததை நானே பார்த்தேன். ஆனால் அது பிள்ளையின் குறை அல்ல. எதிரில் யாரும் வந்து நிற்காத குறை. நீயும் நாளைக்கு அப்பா ஆவாய். உன் பிள்ளையோ பெண்ணோ ஏதாவது ஒன்றில் உன்னைத் தாண்டிப் போகும் நாள் வரும். பெருமையோடு சேர்ந்து இந்த எரிச்சலும் வரும். வந்தால் வெட்கப்படாதே, எனக்கும் வந்தது, மலரிடம் சொல்லிவிடு. ஆனால் அந்த எரிச்சல் அடங்கும்வரை உன் பிள்ளையைப் பற்றி மூன்றாவது மனுஷரிடம் வாயைத் திறக்காதே. உண்மையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டுகூடத் திறக்காதே.

இதுவரை எழுதியதை நேற்று சாயங்காலம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் டாலோக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே கேட்டாள். அந்தப் பெண்மணியிடம் நான் சொன்ன பதிலைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “தெரியும்” என்றாள். “உங்களுக்குப் பின்னாடி பெஞ்சுலதானே நான் உக்காந்துக்கினு இருந்தேன். மழையில கேக்காதுன்னு நெனச்சீங்களா?”

காகிதத்தை மடக்கி வைத்தேன். “அவன்கிட்ட சொல்லலியே?” என்றேன்.

“அவன் கெளம்பறதுக்கு முந்தின வாரம் சொன்னேன். நாடு விட்டுப் போற புள்ள, தனக்கு ஒண்ணும் வராதுன்னு நெனச்சுக்கினே போவக்கூடாது பாருங்க. அதுக்காகத்தான்.”

“இன்னா சொன்னான்?”

“நான் அவ்ளோ நல்லாவா ஆடினேன்னு கேட்டான். ஆமாண்டா, உங்கப்பாவுக்கே பொறுக்கல, அவ்ளோ நல்லா ஆடினன்னு சொன்னேன்.”

ஆக, நாந்தியில் என்னைக் கட்டிப்பிடித்தபோதே உனக்குத் தெரியும். நாலே மாசத்தில் வந்துடுச்சு என்று ஃபோனில் சிரித்தபோதும் தெரியும். சியோனே பேசுவதைப் பற்றி என்னைக் கேட்காமலே ஏற்பாடு செய்திருக்கலாம், நியாயமாக அதுதான் எனக்குக் கிடைத்திருக்க வேண்டும். நீயோ, உங்களுக்கு வருத்தம் இல்லையே என்று தயங்கிக் கேட்டாய். அன்றைக்கு நான் “சரி” என்று சொன்னது பொய். இப்போது சரியான பதிலைச் சொல்கிறேன்.

வருத்தமாகத்தான் இருக்கும், பிரனீல். அவர் பேசட்டும்.

அப்பா